ஒரு திட்டு பாக்கி

எங்கள் கரும்பாலை ஊரான சான் பெத்ரோவுக்கு வந்து லிப்ராதா சாமுவேல் வீடு எது என்று கேட்டால் யாரும் சட்டென்று சொல்ல மாட்டார்கள். மினியோவைத் திட்டுகிற அம்மாள் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். கையைப் பிடித்து அழைத்துப் போய் வாசலில் விட்டுவிட்டு வருவார்கள். பேஸ்பால் ஆட்டக்காரன் மினியோ செத்தபோது தலைநகரத்துப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அமெரிக்காவில் அவன் மைதானத்தைத் தாண்டி அடித்த ஹோம் ரன்கள், வாங்கிய கோப்பைகள், அவனோடு கைகுலுக்கிய பெரிய மனிதர்கள் எல்லாம் இருந்தன. லிப்ராதாவைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்றைக்கு வந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் எலிஹியோ. தலைநகரத்துக்கும் எங்கள் ஊருக்கும் பேருந்து ஓட்டி ஓய்ந்தவன். லிப்ராதாவுக்குப் பக்கத்து வீடு. கரும்பு வெட்ட ஆங்கிலத் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள்தான் எங்கள் தெரு முழுக்க. லிப்ராதாவின் அப்பா ஆலையில் கரும்பு எடை போட்டார், அம்மா ஆலைத் துரைமார்களின் துணி துவைத்தார். அவள் சின்ன வயதிலேயே கடற்கரைச் சாலையில் எண்ணெய்ச் சட்டி வைத்துவிட்டாள். மீனும், தட்டையாகத் தட்டிப் பொரித்த மாவு ரொட்டியும் விற்பாள். கணவன் தியோஃபிலோ மீன் பிடித்து வருவான். அவன் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் பேச்சுக்கு அவள் ஒருத்தி போதும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் காய்ச்சலில் போனபிறகு படகை விற்று இன்னும் பெரிய சட்டியாக ஒன்று வாங்கினாள்.

ஆள் நல்ல உயரம். குரல் அதைவிட உயரம். என் பேருந்தின் ஹாரனுக்கும் அவள் தொண்டைக்கும் போட்டி வைத்தால் நான் அவள் பக்கம்தான் நிற்பேன்.

மினியோ, அதாவது எர்மினியோ ஹாட்ஜ், எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன். பழைய காலுறையைச் சுருட்டிப் பந்தாக்கி, கரும்புத் தட்டையால் அடித்து ஆடிக்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் அவன் அடித்த பந்து நேராக லிப்ராதாவின் கொதிக்கிற எண்ணெயில் போய் விழுந்தது. அவ்வளவுதான்.

"கண்ணு பொடனியிலயாடா இருக்கு? முழங்கைய ஏன்டா நனைஞ்ச கோழி றெக்கை மாதிரி தொங்கப் போட்டிருக்க? அடிக்கிறவன் பந்தைப் பாக்கணும், என் மீனை ஏன் பாக்குற, பட்டினிப் பயலே?"

அவளுக்கு அப்போது பேஸ்பாலில் ஒன்றும் தெரியாது. கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். மினியோ தலையைக் குனிந்து முழுதாகக் கேட்டுக்கொண்டான். பிறகு முழங்கையைத் தூக்கி வைத்து அடுத்த பந்தை அடித்தான். அது கடற்சுவரைத் தாண்டித் தண்ணீரில் விழுந்தது.

"இன்னொரு தடவை திட்டு, கிழவி" என்றான். அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கிழவி என்றதற்காகத் தனியாக இன்னொரு திட்டு வாங்கிக்கொண்டான்.

வளர்ந்து எங்கள் ஊர் அணியில் சேர்ந்து முதல் ஆட்டத்துக்கு இறங்கியபோது அவன் கால் நடுங்கியது எங்களுக்கெல்லாம் தெரிந்தது. லிப்ராதா மூன்றாவது பேஸ் பக்கத்து வரிசையில் கூடையோடு ரொட்டி விற்றுக்கொண்டிருந்தாள். பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள். "என்னடா நடுங்குற? உன்னைக் கடிக்கவா வர்றான் அவன்? பந்துதானடா போடுறான், பாம்பா போடுறான்?" என்று ஆரம்பித்தாள். மைதானமே திரும்பிப் பார்த்தது. அந்தத் திட்டு முடிந்து வந்த முதல் பந்தை அவன் சுவருக்கு வெளியே அனுப்பினான்.

அன்றோடு அது வழக்கமாகிவிட்டது. அவன் மட்டையோடு வருவான். கோட்டுக்கு வெளியிலேயே நின்று மட்டையால் ஷூவைத் தட்டுவான். மூன்றாவது பேஸ் பக்கம் பார்ப்பான். கூட்டம் அடங்கும். நடுவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். லிப்ராதா எழுந்து திட்டுவாள். ஒருமுறை திட்டியதை மறுமுறை திட்டியதில்லை. வானொலிக்காரர் ஒலிவாங்கியை அவள் பக்கம் திருப்பிப் பிடிப்பார். சில வார்த்தைகள் வரும்போது அவசரமாக இருமுவார். திட்டு முடிந்ததும் மைதானம் அதிரும். அதன் பிறகுதான் மினியோ கோட்டுக்குள் கால் வைப்பான். ஆட்டம் பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள், திட்டு கேட்க வந்தவர்களும் இருந்தார்கள். நான் இரண்டுக்கும் வந்தவன்.

இது பிடிக்காதவர் ஒருவர்தான். மினியோவின் மனைவி மாரிசேலா. தலைநகரத்து வக்கீல் வீட்டுப் பெண். புருஷனை ஊரறிய ஒருத்தி மடையா, சோம்பேறி என்று கத்துவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாமல் அணிக்காரர்களிடம் சொல்லி, லிப்ராதாவை மைதானத்தின் மறுகோடிக்கு மாற்ற வைத்தாள். மினியோ அந்த மாதம் மட்டையால் காற்றைத்தான் அடித்தான். கடைசியில் மாரிசேலாவே கடற்கரைச் சாலைக்கு வந்து, மரியாதையாகத் தோன்யா போட்டுக் கூப்பிட்டாள்.

"தோன்யா லிப்ராதா, பழைய எடத்துக்கே வந்துடுங்க."

"வர்றேன். முதல்ல இந்த மீனைத் தின்னு. நின்னுக்கிட்டே தின்னு, கையால."

மாரிசேலா தின்றாள். முள்ளைக்கூட ஒழுங்காக எடுத்து வைத்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே பிரியம் என்று சொல்ல முடியாது, மரியாதை வந்தது.

மினியோ அமெரிக்காவுக்குப் போனதும் ஒரு பெரிய சிக்கல். அங்கே யார் திட்டுவார்கள்? மட்டை படவே இல்லை என்று செய்தி வந்ததும் எங்கள் தெரு கூடிப் பேசி, மளிகைக்கடைப் பெரியவர் தோன் சாகோவின் தொலைபேசியிலிருந்து அவன் தங்கியிருந்த விடுதிக்கு அழைப்புப் போட்டோம். தெருவே கடைக்குள் நின்றது. மறுமுனையில் எடுத்த குரல் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் லிப்ராதா தொடங்கிவிட்டாள். மூச்சு விடாமல் திட்டிவிட்டு டக்கென்று வைத்துவிட்டாள். எடுத்தது மினியோ இல்லை. அவனுடைய அறையில் தங்கியிருந்த வெனிசுவேலாக்காரன். அவன் மறுநாள் இரண்டு ஹோம் ரன் அடித்தான். மினியோவுக்கு வழக்கம்போல் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் அந்த வெனிசுவேலாக்காரனே கடைக்குக் கூப்பிட்டு, "அந்தம்மா இருக்காங்களா?" என்று பணிவாகக் கேட்டான்.

"உன்னைத் திட்ட உங்க ஊர்ல ஆள் இல்லியா? மினியோகிட்ட குடு" என்றாள். அதற்குப் பிறகு மினியோ அங்கே அடித்ததெல்லாம் உலகத்துக்கே தெரியும். தோன் சாகோவின் தொலைபேசிக்குத் தெரிந்தது எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இனி அவன் கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன். எல்லாம் முடித்துவிட்டு, விடைபெறும் ஆட்டத்தை எங்கள் ஊரில்தான் ஆடுவேன் என்று வந்தான். எதிரணி தலைநகரத்து நீலச் சட்டைக்காரர்கள். கடைசி முறையாக மட்டையோடு வந்தான். கோட்டுக்கு வெளியே நின்றான். ஷூவைத் தட்டினான். மூன்றாவது பேஸ் பக்கம் பார்த்தான். லிப்ராதா எழுந்தாள், வாயைத் திறந்தாள், அழுதுவிட்டாள். வார்த்தை வரவில்லை. அவன் காத்திருந்தான். நடுவரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வா என்று கையைக் காட்டினார். மூன்று பந்து. மூன்றும் மட்டையில் படவில்லை, அவுட். திரும்பும் வழியில் மினியோ அவள் வரிசைக்கு எதிரே நின்றான்.

"கிழவி, ஒரு திட்டு பாக்கி வச்சிட்ட."

அதற்குப் பிறகு அவன் ஊரோடு வந்துவிட்டான். தினமும் அவள் சட்டிக்கு முன்னால் வந்து நின்று, "என் பாக்கி எங்க?" என்பான். அவளும் எதையாவது சொல்லி விரட்டுவாள். அதெல்லாம் செல்லத் திட்டு, கணக்கில் வராது என்பான். ஒருநாள் தொந்தரவு பொறுக்காமல், "நீ செத்தப்புறம் உன் ஒன்பதாம் நாளுக்கு வந்து குடுக்குறேன், போடா" என்றாள்.

"வராம இருந்துடாத. வாங்காம வீட்டை விட்டுப் போக மாட்டேன்" என்றான் மினியோ. மீன் தின்றுகொண்டிருந்த எல்லோரும் சிரித்தோம்.

அப்படிச் சொன்ன வருஷமே செத்துப்போனான். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. லிப்ராதாவுக்குச் சொன்னது நான்தான். அடுப்பை அணைத்தாள். பாதி வெந்த மீனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் வழக்கப்படி, அடக்கம் முடிந்தபிறகும் செத்தவர் ஆவியாக ஒன்பது நாள் வீட்டிலேயே இருப்பார். வெள்ளைத் துணி விரித்த படிகளில் மெழுகுவர்த்தி, பூ, தண்ணீர், படம் வைத்துத் தினமும் ஜெபம் நடக்கும். ஒன்பதாம் நாள் மாலை அதைப் பிரித்து, மெழுகுவர்த்தியை அணைத்து, வாசல் வரை வழிவிட்டு நிற்போம். அவர் கிளம்பிவிடுவார். மினியோவின் அம்மா வழியில் இதெல்லாம் கிடையாது, அவர்கள் ஆங்கிலேயச் சபைக் கிறிஸ்தவர்கள். தெரு கேட்கவில்லை. நடத்தியே தீருவோம் என்று நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டுவிட்டது.

அந்த ஒன்பது நாளும் எங்கள் தெருவில் கால் வைக்க இடமில்லை. நாடெங்கிலுமிருந்து ரசிகர்கள் எங்கள் அணியின் பச்சைத் தொப்பியோடு வந்தார்கள். காப்பி, இஞ்சித் தண்ணீர், ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு மூலையில் டோமினோ. ஆளாளுக்கு மினியோ கதை. கரும்பு ஏற்றிப் போன ரயிலுக்குள் விழும்படி அவன் ஒருமுறை அடித்த ஹோம் ரன்னைப் பற்றி மட்டும் எத்தனை சாட்சி. முதல் நாள் பந்து மைதானத்துக்கு வெளியே ரயில் பெட்டியில் விழுந்தது. நான்காம் நாள் அது ஆலைக்குள் போய்விட்டது. ஏழாம் நாள் சர்க்கரை மூட்டையோடு கப்பலேறி அமெரிக்காவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. வந்தவர் அத்தனை பேரும் அன்றைக்கு மைதானத்தில் இருந்தார்களாம். எல்லோரும் உள்ளே இருந்தால், அதே நேரத்தில் என் பேருந்தில் நின்றுகொண்டு வந்தவர்கள் யார் என்று கேட்டேன். டோமினோ பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

எல்லோரும் பேசினார்கள். லிப்ராதா பேசவில்லை. தினமும் வெள்ளை உடுத்தி வந்து, சுவரோரம் உட்கார்ந்து, ஜெபம் முடிந்ததும் போய்விடுவாள். எட்டாம் நாள் காலையில் நானும் தோன் சாகோவும் அவள் வீட்டுக்குப் போனோம்.

"நாளைக்கு என்ன செய்யப்போற?" என்றேன்.

"அதான் தெரியல, எலிஹியோ. வாக்கு குடுத்துட்டேன். அவன் மேல கோவமே வரல. கோவமில்லாம திட்டினா அது திட்டா? நாடகம். அவனுக்கு வித்தியாசம் தெரியும்."

"திட்டலன்னா?"

"போகாம நின்னுட்டிருப்பான். அவன் அப்படித்தான். மைதானத்துல நிக்க வச்சேன், செத்தும் நிக்க வைக்கிறதா?" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாற்பது வருடத்தில் லிப்ராதா முகத்தைத் திருப்பி நான் பார்த்ததில்லை.

தோன் சாகோ எனக்குக் கண்ணைக் காட்டினார். கோபம் வரவைத்துவிடலாம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. "யோசிச்சுப் பாத்தா மினியோ அப்படி ஒண்ணும் பெரிய ஆட்டக்காரன் இல்ல" என்று ஆரம்பித்தார். "பந்து பிடிக்கத் தெரியாது. ஓட்டமும் ஆமை ஓட்டம்."

நானும் என் பங்குக்கு, "பேரு வந்தது அதிர்ஷ்டம்" என்றேன்.

லிப்ராதாவுக்குக் கோபம் வந்தது. மினியோ மேல் இல்லை. "யாருடா ஆமை? உன் கடைத் தராசுதான்டா ஆமை, ஒரு பக்கமா சாஞ்சே நிக்குது. ஏய் எலிஹியோ, ஒரு பஸ்ஸை நேரா நிறுத்தத் தெரியாத நீ அவன் அதிர்ஷ்டத்தைப் பேசுறியா?" கரண்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை எங்களைத் துரத்தினாள். குரல் போகவில்லை என்று தெரிந்ததில் சந்தோஷம். ஆனால் திட்டு தப்பான ஆட்களுக்குப் போய்விட்டது, அந்த வெனிசுவேலாக்காரனுக்குப் போனதுபோல.

ஒன்பதாம் நாள் மாலை. வெயில் இன்னும் இருந்தது. வீட்டுக்குள் பெரிய மனிதர்கள், அணியின் பழைய ஆட்டக்காரர்கள், வாசலில் ரசிகர்கள், சுவர் மேலும் ரசிகர்கள். ஜெபம் சொல்கிற தொமிங்கா மூன்று தலைமுறையை வழியனுப்பி வைத்தவள். அவளும் எங்கள் அணிக்குப் பைத்தியம்தான். ஜெபம் முடித்தாள். பூவை எடுத்தாள், துணியை மடித்தாள், மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கி அணைத்தாள். நாங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வாசலுக்கு வழி விட்டோம்.

கடைசி மெழுகுவர்த்தி, மினியோ படத்துக்கு முன்னால் இருந்தது. தொமிங்கா நசுக்கினாள். விரலை எடுத்ததும் திரி மறுபடி பிடித்துக்கொண்டது. மறுபடி நசுக்கினாள். மறுபடி எரிந்தது. மற்றதற்கெல்லாம் விரலில் எச்சில் தொட்டுக்கொண்டவள் இதற்கு மட்டும் தொட்டுக்கொள்ளவில்லை என்பதை நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

"கிளம்ப மாட்டேங்குறான்" என்றாள் தொமிங்கா. "நிக்கிறான்."

கூட்டம் அடங்கியது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எல்லாத் தலைகளும் சுவரோரம் திரும்பின. மைதானத்தில் திரும்புவதுபோலவே. லிப்ராதா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாரிசேலா எழுந்து அவள் முன்னால் போய் நின்றாள். இருவருக்கும் நடுவே இருந்த மரியாதை இன்றோடு கெடும் என்று நினைத்தேன்.

"தோன்யா, உங்களுக்கு ஒண்ணு தெரியணும்" என்றாள் மாரிசேலா. "அவருக்கு ஒரு வாரமா இடது கை மரத்துப்போயிருந்துச்சு. டாக்டர்கிட்ட போகலாம்னு கெஞ்சினேன். வாயுன்னு சொல்லி இஞ்சித் தண்ணி குடிச்சாரு. கிழவிக்குச் சொல்லிடாத, திட்டுவான்னாரு."

லிப்ராதா தலையைத் தூக்கினாள்.

"என்னன்னான்?"

"திட்டுவீங்கன்னு பயந்து சொல்லல."

அவள் எழுந்தாள். அவள் அப்படி எழுவதை நான் மைதானத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"அடப்பாவி. மடையா. வாழ்நாள் பூரா என்கிட்ட திட்டு கேட்டு வாங்கினவனுக்கு, வாங்க வேண்டிய நேரத்துல பயமாடா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேனே ஆஸ்பத்திரிக்கு. இஞ்சித் தண்ணியாம். நீ என்ன அஜீரணம் வந்த மாடா? இருபத்தெட்டு வயசுல என்னைக் கிழவின்ன, இப்ப யாருடா முந்திக்கிட்டது? இந்தப் பொண்ணைத் தனியா விட்டுட்டு, ஊரையே ஒன்பது நாளா நாற்காலி தூக்க வச்சுட்டு, இன்னும் அங்க நின்னு ஷூவைத் தட்டிக்கிட்டிருக்க. கதவு தொறந்து கிடக்கு, கண்ணு தெரியல? போடா. போற எடத்துல முழங்கைய தூக்கி வை. அங்க யாரு பந்து போடுவான்னு எனக்குத் தெரியாது. கடவுளே போட்டாலும் கடைசி வரைக்கும் பந்தைப் பாரு, அவர் மூஞ்சியப் பாத்துட்டு நிக்காத. கிளம்பு. நடக்காதடா, ஓடு. எங்க தெருக்காரன் நடந்து வந்தான்னு அங்க ஒருத்தன் சொல்லக் கூடாது. ஓடு."

திறந்த வாசல் வழியாகக் கடல் காற்று உள்ளே வந்தது. மெழுகுவர்த்தி அணைந்தது.

முதலில் கைதட்டியது மாரிசேலாதான். பிறகு வீடு, வாசல், சுவர், தெரு எல்லாம் சேர்ந்து அதிர்ந்தது. நீலச் சட்டைக்காரர்கள் அணியிலிருந்து வந்திருந்த ஒரு பழைய ஆட்டக்காரர், பச்சைத் தொப்பியைக் கடன் வாங்கி மேலே எறிந்தார். எங்கள் ஊரில் ஹோம் ரன் அடிக்கிறவர்கள் நிறைய உண்டு, தெருவுக்கு ஒருவர் இருப்பார். செத்தவனைக்கூட ஓட வைக்கிறவள் எங்கள் தெருவில் மட்டும்தான் இருக்கிறாள். பத்திரிகைக்காரர்கள் அன்றைக்கும் வந்திருந்தார்கள். மாலையும் மலர்வளையமும் பற்றி எழுதினார்கள்.

லிப்ராதா நாற்காலியில் உட்கார்ந்தாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

"பாக்கி தீந்துச்சா, எலிஹியோ?"

"தீந்துச்சு. ஓடிட்டான்."

"அப்ப இனிமே நான் அழலாம்."

அழுதாள். அதிலும் சத்தத்துக்குக் குறைவில்லை. கடற்கரைச் சாலை வரைக்கும் கேட்டது.